அணுவும் ஆதவனும்: புக்குஷிமாப் பேரிடரின் பின் யப்பானில் எழுந்த வாதம்

ஒரு நாட்டின் வரலாற்றை அந்நாட்டை ஆண்ட மன்னரின் வரலாறாக எழுதுதல் பழைய வழக்கு. அந்நாட்டு மக்கள் எதை எரித்து உலை வைத்தனர், எதைக் கொண்டு விளக்கேற்றினர் என்னும் வினாக்களை முன்வைத்து எழுதுதல் அதனினும் பயனுடைய வழி எனலாம். விறகை நம்பிய சமுதாயம் காட்டை இழந்தது. நிலக்கரியை நம்பிய சமுதாயம் சுரங்கத் தொழிலாளரின் உயிரை விலையாகக் கொடுத்தது. பெற்றோலியத்தை நம்பிய சமுதாயம் பிற நாட்டாரின் வாயிலிற் காத்து நின்றது. ஒவ்வொரு சக்திக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலை யாது, அதனைக் கொடுப்பவர் யாவர் என்னும் இரு வினாக்களும் எக்காலத்தும் இணைந்தே எழுவன.

2011 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11 ஆம் நாள் நிகழ்ந்த பேரிடரின் பின் யப்பானிய மக்கள் இவ்விரு வினாக்களையும் நேர்நின்று எதிர்கொள்ள நேர்ந்தது. அணு உலைகளைத் தொடர்ந்து இயக்குவதா, அன்றிப் பரந்த நிலங்களிற் சூரிய மின்தகடுகளை விரித்து ஞாயிற்றின் ஒளியை மின்னாக மாற்றுவதா என்பது அன்று எழுந்த வாதம். அவ்வாதம் தோன்றிய வரலாறும், இருதிறத்தாரும் காட்டிய நியாயங்களும், காலம் வழங்கிய விடையும் ஈண்டு ஆராயப்படும்.

அணுமின்னும் சூரிய மின்னும் ஏறத்தாழ ஒரே வேளையிற் பிறந்தவை. 1954 ஆம் ஆண்டு ஏப்பிரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் சிலிக்கனாற் செய்யப்பட்ட சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே அது மின்னாக மாற்றியது. அதே ஆண்டு யூனில், சோவியத்து நாட்டின் ஒப்னின்ஸ்க் நகரில் 5,000 கிலோவாற்று ஆற்றலுடைய அணுமின் நிலையம் பொதுமின் வலையோடு இணைக்கப்பட்டது. ஒன்று மேசைமேல் வைத்து விளையாட்டுப் பொறியொன்றை இயக்கிக் காட்டும் அளவினதாயிருந்தது. மற்றொன்று வல்லரசொன்றின் பெருமிதமாய் எழுந்தது. அரசுகளின் பணமும் அறிஞர்களின் உழைப்பும் எப்பக்கம் சாய்ந்தன என்பதைக் கூறவேண்டியதில்லை.

யப்பானைப் பொறுத்தவரை 1954 ஆம் ஆண்டுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்து ஒன்பது ஆண்டுகளே கழிந்திருந்தன. அவ்வாண்டு மார்ச்சு முதலாம் நாள், பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல் யப்பானிய மீன்பிடிக் கலமொன்றின் மீது பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அதே மார்ச்சு மாதத்தில் யப்பானியப் பாராளுமன்றத்தில் அணு ஆராய்ச்சிக்கென 23 கோடியே 50 இலட்சம் யென் முதன்முறையாக முன்மொழியப்பட்டது. அணுவினால் எல்லாரினும் மிகுதியாகத் துன்புற்ற இனம் அவ்வணுவையே வாழ்வுக்குத் துணையாகக் கொள்ள முற்பட்டமை முரணாகத் தோன்றலாம். ஆயின் எண்ணெய் வளம் அற்று, நிலக்கரியும் அருகிவந்த தீவு நாடு அது. 1953 டிசெம்பரில் அமெரிக்க சனாதிபதி ஐசனோவர் ஐக்கிய நாடுகள் சபையில் அணுவை அமைதிப் பணிக்கு ஆக்குவோம் என அறைகூவியபோது, வளமற்ற நாட்டுக்கு அது வரமாகவே தோன்றியது.

முதல் வணிக அணு உலை தோக்காய் என்னும் ஊரில் 1966 இல் இயங்கத் தொடங்கியது. சூரிய மின்கலமும் யப்பானில் முற்றாகப் புறக்கணிக்கப்படவில்லை. அதே 1966 இல் நாகசாகி மாகாணத்துத் தீவொன்றின் கலங்கரை விளக்கத்தில் 225 வாற்று ஆற்றலுடைய சூரிய மின்கலத் தொகுதி பொருத்தப்பட்டது. அந்நாளில் உலகிலேயே பெரியது அதுவே. 1973 இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை யப்பானை உலுக்கியது. மறு ஆண்டில் அரசு இரு காரியங்களைச் செய்தது. சூரிய சக்தி முதலியவற்றை ஆராய ‘சூரிய ஒளித் திட்டம்’ என ஒன்றை வகுத்தது. மின் நிலையங்களைத் தம் ஊரில் ஏற்கும் பிரதேசங்களுக்கு மானியம் வழங்கும் மூன்று சட்டங்களையும் இயற்றியது. முன்னது ஆய்வுகூடத்தினுள்ளே நெடுங்காலம் நின்றது. பின்னது கரையோர வறிய ஊர்களில் மண்டபங்களையும் வீதிகளையும் விளையாட்டரங்குகளையும் எழுப்பி, அவற்றுடன் அணு உலைகளையும் எழுப்பியது. 2011 ஆம் ஆண்டு தொடங்கியபோது யப்பானில் 54 அணு உலைகள் இருந்தன. நாட்டின் மின்னில் ஏறத்தாழ நாலிலொரு பங்கை அவை தந்தன. 2030 இல் அப்பங்கைப் பாதியாக உயர்த்துவதே அரசின் நோக்கமாயிருந்தது. சூரிய மின்னின் பங்கோ நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

புக்குஷிமா முதலாம் நிலையம் அமைந்த வரலாறும் அறியத்தக்கது. அது கட்டப்பட்ட இடம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 35 மீற்றர் உயர்ந்த செங்குத்துக் கரையாகும். கடினமான அடிப்பாறையை எட்டவும், கடல் நீரை இலகுவில் ஏற்றவும் கருதி அக்கரை 10 மீற்றர் மட்டத்துக்கு வெட்டித் தாழ்த்தப்பட்டது. முதல் உலை 1971 இல் தொழிற்படத் தொடங்கியது. அந்நிலையத்தார் பின்னாளில் எதிர்பார்த்த மிகவுயர்ந்த அலையின் அளவு ஏறத்தாழ 6 மீற்றராகவே இருந்தது.

அவ்வளவு போதாது என்பதற்கு வரலாற்றிற் சான்று இருந்தது. கி. பி. 869 ஆம் ஆண்டு அதே வடகிழக்குக் கரையைப் பேரலையொன்று தாக்கியதையும், ஆயிரவர் அளவில் மூழ்கி மாண்டதையும் யப்பானிய அரச வரலாற்று நூல் பதிந்து வைத்துள்ளது. அவ்வலை நெடுந்தூரம் உள்நாட்டிற் கொண்டு சேர்த்த கடல் மணற் படையைப் புவியியலறிஞர்கள் வயல்வெளிகளின் கீழே கண்டறிந்தனர். 2008 இல் நிலைய உரிமையாளரான தோக்கியோ மின்சாரக் கம்பனியின் உள்ளகக் கணிப்பொன்றே 15.7 மீற்றர் உயரத்துக்கு நீர் எழக்கூடும் எனக் காட்டியது. அக்கணிப்பின்படி எக்காப்பும் உடன் செய்யப்படவில்லை.

2011 மார்ச்சு 11 பிற்பகல் 2 மணி 46 நிமிடத்தில் 9.0 அளவினதான நிலநடுக்கம் நிகழ்ந்தது. இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் ஒழுங்காகவே நின்றுவிட்டன. ஆயின் அணுப் பிளவு நின்ற பின்னும் எரிபொருட்கோல்கள் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டேயிருக்கும். அவற்றை இடைவிடாது நீரினாற் குளிர்வித்தல் வேண்டும். நீரை ஏற்ற மின் வேண்டும். வெளியிலிருந்து வந்த மின் நிலநடுக்கத்தால் அறுந்தது. நிலையத்தின் தீசல் மின்பிறப்பாக்கிகள் உடனே இயங்கின. ஒரு மணி நேரம் கழியுமுன் 14 மீற்றர் உயரத்தைக் கடந்த அலை வந்தது. 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலையைத் தம் கரையிற் கண்ட இலங்கை மக்களுக்கு அதன் தன்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை. மின்பிறப்பாக்கிகளிற் பெரும்பாலானவை கட்டடங்களின் நிலக்கீழ் அறைகளில் இருந்தமையால் நீரில் மூழ்கின. உயர்ந்த இடத்தில் வைக்கப்பட்ட ஒன்று தப்பியது. அது ஒன்றே ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காத்தது. ஏனைய மூன்று உலைகளின் எரிபொருளும் உருகிற்று. மார்ச்சு 12, 14, 15 ஆம் நாள்களில் ஐதரசன் வாயு வெடித்துக் கட்டடங்கள் சிதறின.

அதே நாளில், நிலநடுக்கத்தின் மையத்துக்கு இன்னும் அண்மையில் நின்ற ஒனகாவா அணு நிலையம் தப்பியது. அந்நிலையத்தை அமைத்த தொகோக்கு மின்சாரக் கம்பனியில் யனொசுக்கே ஹிராய் என்னும் பொறியியலாளர் பழைய பேரலைகளின் வரலாற்றை மனத்திற் கொண்டு, நிலத்தின் மட்டத்தை உயர்த்த வேண்டும் என விடாது வற்புறுத்தியவர். அவர் சொற்படி 14.8 மீற்றர் உயரத்தில் நிலையம் எழுந்தது. நடுக்கத்தால் நிலம் ஒரு மீற்றர் அளவு தாழ்ந்தது. 13 மீற்றர் உயர்ந்த அலை வந்தது. ஒரு மீற்றருக்கும் குறைந்த இடைவெளியில் நிலையம் பிழைத்தது. வீடிழந்த அயலூர் மக்கள் முந்நூற்றுவருக்கு மேற்பட்டோர் அந்நிலையத்தின் விளையாட்டு மண்டபத்திலேயே புகலடைந்தனர். இரு நிலையங்களிலும் கொள்கை ஒன்று, எரிபொருள் ஒன்று, அலையும் ஒன்று. வேறுபட்டது முன்னோர் எழுதி வைத்ததைப் படித்தவர் சொல் எடுபட்டதா இல்லையா என்பதே.

ஆழிப்பேரலை பதினெண்ணாயிரம் பேரளவில் உயிர்கொண்டது. அணு உலையின் கதிர்வீச்சினால் இறந்தவர் என அரசு ஏற்றுக்கொண்டது, 2018 இல், ஒரு தொழிலாளரை மட்டுமே. இவ்வெண்ணைக் கொண்டு அணுசக்தியின் தீங்கு சிறிதென வாதிப்போர் உளர். ஆயின் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் தம் ஊர்களை விட்டு வெளியேற நேர்ந்தது. மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்து அவசரமாக அகற்றப்பட்டோர் வழியிலும், சென்ற இடத்திலும் இறந்தனர். இடப்பெயர்வின் தளர்ச்சியாலும் மனமுறிவாலும் நேர்ந்த மரணங்கள் புக்குஷிமா மாகாணத்தில் மட்டும் இரண்டாயிரத்தைக் கடந்தன என அரசுப் பதிவுகள் கூறுகின்றன. ஊரையும் வயலையும் மூதாதையர் கல்லறையையும் விட்டு நீங்குதல் எத்தகைய இழப்பு என்பதை எண்ணால் அளத்தல் இயலாது.

பேரிடரின் பின் எழுந்த வாதத்தை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தவர் அன்றைய பிரதமர் நவோத்தோ கான் ஆவார். பெரு நிலநடுக்கம் எதிர்பார்க்கப்பட்ட பகுதியில் இருந்த ஹமஓக்கா அணு நிலையத்தை நிறுத்துமாறு அவர் 2011 மே மாதம் கேட்டுக்கொண்டார். சூரிய மின் முதலியவற்றை உறுதியான விலையில் நெடுங்காலம் வாங்கவேண்டும் எனும் சட்டத்தை நிறைவேற்றினாலன்றிப் பதவி விலகேன் என நின்றார். வியப்பு யாதெனின், அச்சட்ட வரைவு மந்திரிசபையின் ஒப்புதலைப் பெற்றது மார்ச்சு 11 ஆம் நாள் காலையிலேயாம். அன்று பிற்பகலே நிலம் நடுங்கியது. ஓகஸ்ட் 26 இல் சட்டம் நிறைவேற, கானும் கட்சித் தலைமையைத் துறந்தார். தொலைபேசித் தொழில் அதிபரான மசயோஷி சொன், கைவிடப்பட்ட விளைநிலங்களிலும் கிழக்கு யப்பானின் கரையோரத்திலும் பெருஞ் சூரிய மின் நிலையங்களை நிறுவுவதாக முன்வந்து, மாகாண ஆளுநர் பலரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார்.

அணுவின் பக்கம் நின்றோர் கூறிய நியாயங்கள் எளிதிற் தள்ளத்தக்கனவல்ல. பத்து இலட்சம் கிலோவாற்று ஆற்றலுடைய ஓர் உலை சில நூறு ஏக்கரில் நின்று இரவும் பகலும் தரும் மின்னைச் சூரிய ஒளியாற் பெறுவதற்கு ஏறத்தாழ 60 சதுர கிலோமீற்றர் நிலம் வேண்டும். மலையே மிகுந்த யப்பானில் அத்துணை நிலம் எங்கே என வினவினர். ஞாயிறு மாலையில் மறையும், மழையில் மங்கும், பனிக்காலத்திற் தளரும் என்றனர். எண்ணெயும் எரிவாயுவும் வாங்குவதற்கு நாட்டின் செல்வம் கப்பலேறும் என எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கை பொய்யாகவில்லை. 1980 இன் பின் முதன்முறையாக 2011 இல் யப்பானின் வெளிநாட்டு வாணிகம் பற்றாக்குறையிற் சென்றது. அணு உலைகள் நின்றமையால் மட்டும் ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சம் கோடி யென்னுக்கு மேல் எரிபொருளுக்கு மிகையாகச் செலவாயிற்று என அரசு கணக்கிட்டது.

ஆதவன் பக்கம் நின்றோர் கூறியவையும் வலியனவே. அணுமின் மலிவானது என்னும் கணக்கில் விபத்தின் செலவு சேர்க்கப்படவில்லை என்றனர். அச்செலவு பின்னர் 23 இலட்சம் கோடி யென்னைத் தாண்டியது. எரிந்து தீர்ந்த எரிபொருளை எங்கே புதைப்பது என்பதற்கு விடை இல்லை என்றனர். அதனை மீளப் பதப்படுத்துவதற்காக வடக்கே றொக்காஷோவில் 1993 இற் கட்டத் தொடங்கிய ஆலை 2024 ஆம் ஆண்டு முடிவிலும் முற்றுப்பெறவில்லை. தம் ஆட்சிக் காலத்தில் அணுசக்தியை ஆதரித்த முன்னாட் பிரதமர் கொய்சுமி, 2013 இல் பின்லாந்திற் கழிவுகளைப் புதைக்கும் பாதாளச் சுரங்கத்தைக் கண்ட பின் மனம் மாறினார் என்பது அந்நாளிற் பெரிதும் பேசப்பட்டது. கூரைமேல் இருக்கும் மின்தகடு உடைந்தால் ஒரு வீடு இருளும். உலை உடைந்தால் ஒரு மாகாணம் வெறிச்சோடும் என்பது அவர்கள் வாதத்தின் உயிர்நாடி.

இரு பக்கத்தாரும் பெரிதும் பேசாத ஒன்று இருந்தது, அது மின்கம்பி. 1890 களில் தோக்கியோ நகரத்தார் ஜேர்மனியிலிருந்தும் ஒசாக்கா நகரத்தார் அமெரிக்காவிலிருந்தும் மின்பிறப்பாக்கிகளை வாங்கினர். அதனாற் கிழக்கு யப்பானில் ஆடலோட்டத்தின் மீடிறன் செக்கனுக்கு 50 ஆகவும், மேற்கில் 60 ஆகவும் அமைந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அப்பிரிவு நீங்கவில்லை. 2011 இல் மேற்கில் மிகுந்திருந்த மின்னைக் கிழக்கே கொண்டுவர முயன்றபோது, இடையிலிருந்த மாற்று நிலையங்கள் ஓர் அணு உலையின் அளவான மின்னையே கடத்த வல்லனவாயிருந்தன. தோக்கியோவின் சுற்றுப்புறங்கள் முறைவைத்து இருளில் ஆழ்த்தப்பட்டன. பாட்டனார் வாங்கிய பொறியின் குறையைப் பேரர் அனுபவிக்க நேர்ந்தமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

2012 ஆம் ஆண்டு இவ்வாதம் உச்சநிலையை அடைந்தது. மே 5 இல் இறுதி உலையும் பரிசோதனைக்காக நின்றபோது, 1970 இன் பின் முதன்முறையாக அணுமின் இல்லாத நாடாயிற்று யப்பான். யூலை முதலாம் நாள் இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நடந்தன. சூரிய மின்னை ஓர் அலகுக்கு 42 யென் வீதம் இருபது ஆண்டுக்கு வாங்கும் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. ஓகி நிலையத்தின் மூன்றாம் அணு உலை அன்றிரவே மீள இயக்கப்பட்டது. இரு பாதைகளிலும் ஒரே நாளிற் கால் வைத்த அரசை மக்கள் நம்பவில்லை. அம்மாதம் 16 ஆம் நாள் தோக்கியோவின் யொயொகிப் பூங்காவில் பேரெழுத்தாளர் கென்சபுரோ ஓஏ முதலியோர் அழைப்பில் பெருந்திரளானோர் கூடி அணு உலைகள் வேண்டா என முழங்கினர்.

அதே கோடையில் அரசு புதுமையான ஒரு காரியத்தைச் செய்தது. சாதாரண குடிமக்கள் சிலரைக் குலுக்கல் முறையாற் தெரிந்து, இரு திறத்து அறிஞரின் கூற்றுக்களையும் கேட்பித்து, இரு நாள் கலந்துரையாடச் செய்தது. தொடக்கத்தில் அவர்களுள் அணுமின் முற்றாக ஒழிதல் வேண்டும் என்றோர் மூன்றிலொரு பங்கினர். கேட்டும் பேசியும் முடிந்தபின் அவர் ஏறத்தாழப் பாதியினராயினர். செப்டெம்பரில் அரசு 2030 களில் அணுமின்னை ஒழித்தல் எனக் கொள்கை வகுத்தது. டிசெம்பர்ப் பொதுத் தேர்தலிலோ அவ்வரசு பெருந் தோல்வியுற்றது; அணுவைக் கைவிட விரும்பாத கட்சி ஆட்சிக்கு வந்தது. மக்கள் சக்தியைப் பற்றி ஒரு கருத்தும் ஆட்சியைப் பற்றி வேறொரு கருத்தும் உடையோராயிருத்தல் கூடும் என்பதை அத்தேர்தல் காட்டியது.

சட்டத்தின் பயனோ எவரும் எதிர்பாராத வேகத்திற் பெருகியது. 2011 முடிவில் ஏறத்தாழ 5,000 மெகாவாற்றாக இருந்த சூரிய மின் ஆற்றல் 2023 முடிவில் 85,000 மெகாவாற்றைக் கடந்தது. மொத்த மின்னிற் சூரிய ஒளியின் பங்கு 2023 நிதியாண்டில் நூற்றுக்கு 9.8 ஆயிற்று, அணுவின் பங்கு 8.5 ஆக இருந்தது. விளையாட்டுப் பொறியை இயக்கிய குழந்தை தன் தமையனை வென்றுவிட்டது எனலாம்.

வெற்றியோடு குறைகளும் வந்தன. உயர்ந்த விலையின் சுமை ஒவ்வொரு வீட்டின் மின்கட்டணத்திலும் ஏறியது. தலைநகர முதலாளிகள் மலைச்சரிவுக் காடுகளை வாங்கி மரங்களை வெட்டி மின்தகடுகளைப் பதித்தனர். 2018 யூலைப் பெருமழையிற் கொபே நகரச் சரிவொன்றிலிருந்து மின்தகடுகள் பெயர்ந்து விழ, அதிவேகப் புகைவண்டிப் பாதையிற் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2019 செப்டெம்பர்ச் சூறாவளியில் சிபா மாகாணத்து நீர்த்தேக்கமொன்றில் மிதந்த மின்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து தீப்பற்றின. ஊரவரைக் கேளாது எழுந்த நிலையங்களை எதிர்த்துப் பல ஊராட்சிகள் கட்டுப்பாட்டு விதிகளை இயற்றின. அணு உலையை எதிர்த்தோர் கூறிய சொற்களே சிற்சில இடங்களிற் சூரிய நிலையத்தை எதிர்த்தும் கூறப்பட்டன: பயன் அவர்க்கு, பாதிப்பு எமக்கு.

அணுவும் ஆதவனும் ஒரே கம்பியில் மோதிய இடம் தெற்கிலுள்ள கியூஷூத் தீவாகும். வெயில் மிகுந்த அத்தீவிற் சூரிய மின் குவியவே, 2014 செப்டெம்பரிற் புதிய விண்ணப்பங்களுக்கு விடையளித்தலை மின்சாரக் கம்பனி நிறுத்தி வைத்தது. 2015 ஓகஸ்டில் செந்தாய் உலை புதிய விதிகளின்படி முதன்முதலில் மீள இயங்கியதும் அங்கேயே. 2018 ஒக்டோபர் 13 இல், நல்ல வெயில் எறித்த ஓர் ஓய்வுநாளில், வாங்குவாரற்ற சூரிய மின்னைத் தடுத்து நிறுத்த நேர்ந்தது. விதிப்படி அனல்மின்னை முதலிற் குறைத்து, அதன்பின் சூரிய மின்னையும் காற்று மின்னையும் குறைத்து, அணுவை இறுதியிலேயே தொடலாம். இலவசமாக வந்த ஒளி வீணாயிற்று என ஒரு சாராரும், நினைத்தவுடன் ஏற்றி இறக்க முடியாத உலைக்கு அதுவே முறை என மறுசாராரும் வாதிட்டனர். இதற்கு மறுதலையான காட்சி 2022 மார்ச்சு 22 இற் தோக்கியோவில் நேர்ந்தது. ஆறு நாள்களுக்கு முன் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் அனல் நிலையங்கள் சில நின்றிருக்க, கடுங்குளிரும் முகிலும் சூழ்ந்த அந்நாளிற் சூரிய மின் அருகி, மின் தட்டுப்பாட்டு எச்சரிக்கை முதன்முறையாக விடுக்கப்பட்டது. சேமித்து வைக்கும் வழியும் தொலைவுக்கு அனுப்பும் வழியும் இல்லாதவிடத்து மிகுதியும் துன்பமே, குறைவும் துன்பமே என்பதை இவ்விரு நாள்களும் உணர்த்தின.

இனி, இவ்வாதத்தில் வென்றவர் யாவர்? 2010 நிதியாண்டில் நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் மூன்றும் சேர்ந்து யப்பானிய மின்னில் நூற்றுக்கு 65 பங்கைத் தந்தன. அணு உலைகள் நின்ற 2013 இல் அது 88 அளவுக்கு ஏறியது. புகையும் அவ்வாண்டிலேயே உச்சத்தை எட்டியது. 2023 இலும் அப்பங்கு 68 க்குக் குறையவில்லை. மக்களின் சிக்கனத்தால் மொத்த மின் நுகர்வு குறைந்தது உண்மை. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளில் ஞாயிறு பெற்ற வளர்ச்சி முழுவதும் அணு விட்டுச்சென்ற வெற்றிடத்தின் ஒரு பகுதியை நிரப்பவே செலவாயிற்று. அணுவும் ஆதவனும் வழக்காடிக்கொண்டிருக்க, வழக்கில் பெயரே சொல்லப்படாத புகை சொத்தை அனுபவித்தது. இரு கட்சியாரும் ஒருவரையொருவர் எதிரியாகக் கருதியமையால் நேர்ந்த இழப்பு இது.

அரசின் போக்கும் காலத்தோடு மாறியது. 2024 முடிவில் 14 உலைகள் மீள இயங்கியிருந்தன. அவற்றுள் ஒனகாவாவின் இரண்டாம் உலையும் ஒன்று. 2025 பெப்ருவரியில் அரசு வகுத்த திட்டம், 2040 இற் சூரிய மின்னுக்கு 23 முதல் 29 வரையும், அணுவுக்கு 20 அளவும் பங்கு குறித்தது. அணுவை இயன்றவரை குறைப்போம் என முன்னைத் திட்டங்களிற் காணப்பட்ட சொற்றொடர் அதில் இடம்பெறவில்லை. மறுபுறத்தே, உருகிய உலைகளில் ஏறத்தாழ 880 தொன் எரிபொருட்சிதைவு கிடக்க, 2024 நவம்பரில் முதன்முறையாக வெளியில் எடுக்கப்பட்டது ஒரு கிராமுக்கும் குறைந்த துணுக்கே. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கம்பனியின் முன்னாள் உயர் அதிகாரிகள் குற்றவாளிகளல்லர் என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. 2012 இற் பாராளுமன்ற விசாரணைக் குழுவோ கியோஷி குரொக்காவாவின் தலைமையில் ஆராய்ந்து, நேர்ந்தது மனிதரால் விளைந்த கேடு என்றே முடிவு கூறியிருந்தது. அணுசக்தியை வளர்க்கும் அமைச்சின் உள்ளேயே அதனைக் கண்காணிக்கும் அலுவலகமும் இருந்தமை அக்கேட்டின் வேர்களுள் ஒன்று.

புக்குஷிமா மக்கள் கண்ட விடை தலைநகரத்தார் கண்ட விடையினின்றும் வேறானது. முதலாம் நிலையத்தில் விளைந்த மின் புக்குஷிமாவிற் பயன்படவில்லை. அது முழுவதும் தோக்கியோப் பகுதிக்கே சென்றது. அணுசக்தியே ஒளிமிக்க எதிர்காலத்தைத் தரும் எனும் பொருள்பட வளைவு கட்டி வரவேற்ற புத்தபா என்னும் ஊர் ஆளில்லா ஊராயிற்று. அம்மாகாணம் 2040 க்குள் தன் சக்தித் தேவை அனைத்துக்கும் ஈடான அளவைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களாற் பெறுவதென உறுதி பூண்டது. அயிசுப் பகுதியில் 2013 இற் சாக்கே மது வடிக்கும் பழங்குடும்பத்தவரான யஉஎமொன் சத்தோவின் தலைமையில் ஊரவர் மின் கம்பனியொன்றைத் தொடங்கினர். நச்சுத்தூள் படிந்த ஈத்தத்தே ஊரவரும் மறு ஆண்டில் அவ்வழியைப் பின்பற்றினர். நமியே என்னும் ஊரில் அணு நிலையம் அமைப்பதற்கென ஒதுக்கப்பட்ட நிலம், அத்திட்டம் 2013 இற் கைவிடப்பட்டதும் ஊருக்கு வழங்கப்பட்டது. 2020 முதல் அங்கே சூரிய மின்தகடுகள் ஒளியை வாங்கி நீரிலிருந்து ஐதரசனைப் பிரிக்கின்றன. நாட்டின் மின் கணக்கில் இவை சிறு துளிகளே. ஆயின் தம் நிலத்தில் எது அமையும், அதன் ஊதியம் யாரைச் சேரும் என்பவற்றை ஊரவரே தீர்மானித்தமை அங்கு முன்பு நிகழாத ஒன்று.

இவ்வரலாற்றாற் பெறப்படும் உண்மையை நிலைநாட்ட ஒனகாவாவும் கொபேச் சரிவும் போதும். முன்னோர் எழுதியதைப் படித்து, அச்சத்துக்கு இடங்கொடுத்து அமைத்தவிடத்து அணுவும் மக்களுக்குப் புகலிடமாயிற்று. ஊதியத்தை மட்டும் கருதி, நிலத்தின் இயல்பையும் ஊரவர் சொல்லையும் புறக்கணித்தவிடத்து ஞாயிற்றொளியும் கேடாயிற்று. இதனால் இரு சக்திகளும் ஒரு நிகரன என்பது பொருளன்று. மின்தகடு சரிந்தால் ஒரு பருவத்திற் திருத்தலாம், உலை உருகினால் ஒரு தலைமுறையிலும் திருத்த முடியாது. அவ்வேறுபாட்டை மறைத்துப் பேசும் எக்கணக்கும் நேர்மையான கணக்காகாது. ஆயினும் எச்சக்தியைத் தெரியினும், இடர் எவர் வாயிலில் வைக்கப்படுகின்றது, அவர்களைக் கேட்டே வைக்கப்படுகின்றதா, காவலர் வேறாகவும் வணிகர் வேறாகவும் நிற்கின்றனரா என்னும் வினாக்களுக்கு விடை காணாத நாடு மீண்டும் ஒரு பேரலையின் முன் நிற்கவே நேரும். 869 ஆம் ஆண்டின் பதிவு 1,142 ஆண்டுகள் ஏட்டிற் காத்திருந்தது. 2011 ஆம் ஆண்டின் பதிவு அத்துணைக் காலம் படிப்பாரின்றிக் கிடத்தலாகாது.